மணலுக்குள் போன அயிரை

போடியிலிருந்து குரங்கணி போகும் ரோட்டில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. பெரும்பாலும் மா, ஓரத்தில் இலவமும் தென்னையும். மேலே ஏலத் தோட்டங்களின் பக்கமிருந்து வரும் ஓடை ஒன்று என் வேலியை ஒட்டி இறங்கி, கீழே கொட்டகுடி ஆற்றில் சேர்கிறது. 2016-ல் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய இடம்.

அந்த ஓடையின் மணல் திட்டில் அயிரை இருந்தது. மதுரைக் கடைகளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டி விற்கிறதே, அதே அயிரைதான். விரல் நீளம்தான் இருக்கும். வாயைச் சுற்றி மீசை. ஆள் நிழல் பட்டால் போதும், சட்டென்று மணலுக்குள் புகுந்துவிடும். கண் மட்டும் வெளியே தெரியும். மண்டபத்தில் வேலை பார்த்த காலத்தில் கடலோரத்தில் கிழங்கான் மீன் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வலை வருகிறது என்றால் மணலில் இறங்கி, வலைக்கு அடியிலேயே தப்பிவிடும். அயிரைக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கொக்கு, வலை, கோடை எல்லாவற்றுக்கும் அதனிடம் ஒரு வழி இருந்தது.

2018 தை மாதம். மாம்பூவில் தத்துப்பூச்சி. மருந்துக் கடையில் சைபர்மெத்ரின் கொடுத்தார்கள், அடித்தோம். சாயங்காலம் ஸ்பிரேயரை ஓடையில் கழுவச் சொன்னது நான்தான். ஆளைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்த பெரியம்மா கூப்பிட்டார்.

"மேனேசரய்யா, இங்கன வந்து பாருங்க. அயிரை பூராம் மேல வந்து கெடக்கு."

வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. பெரியம்மா மணலைக் கையால் கிளறினார். உள்ளேயும் செத்துக் கிடந்தன.

"மண்ணுக்குள்ள ஒளிஞ்சும் தப்பிக்க முடியலையே, பாவம்."

பிறகு படித்துத்தான் காரணம் தெரிந்தது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் தண்ணீரில் கரைந்து ஓடிவிடுவதில்லை. வண்டலிலும் மண் துகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அயிரை எங்கே ஒளிகிறதோ அங்கேயே மருந்தும் தங்குகிறது. மீன்கள் சாக லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து 'இது சிவப்பு இல்லை, பரவாயில்லை' என்று நினைப்போம். அந்த நிறம் எலி போன்ற பிராணிகளை வைத்து முடிவு செய்தது. மீனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இந்த மீனின் அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று ஒரு சொல் வருகிறது. 1846-ல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் வைத்த பெயர். திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீன் என்பதால் அப்படி. வெந்நீரில் இருந்த சாதி மீன், என் ஸ்பிரேயர் கழுவிய தண்ணீரில் செத்தது.

முப்பது வருடம் பயிர்க்கடன் கொடுத்தவன் நான். ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும்போது பூச்சிமருந்துக்கு என்று ஒரு தொகை இருக்கும். கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ.

அதோடு ரசாயன மருந்தை விட்டேன். அடர்ந்த மரங்களைக் கவாத்து செய்து வெயில் உள்ளே விழச் செய்ததில் தத்துப்பூச்சி பாதி குறைந்தது. நிழலும் ஈரமும்தான் அதற்குப் பிடிக்கும். பூங்கொத்து கிளம்பும்போது வேப்பெண்ணெய்க் கரைசல். முதல் இரண்டு வருடம் மகசூல் அடி வாங்கியது, மறைக்கவில்லை. ஒன்று கவனியுங்கள்: வேப்பெண்ணெயும் தண்ணீரில் விழுந்தால் மீனுக்கு ஆகாது. இயற்கை மருந்துதானே என்று ஓடையில் கழுவாதீர்கள். ஓடையோரம் இருபது அடி அகலத்துக்குப் புல்லும் வெட்டிவேரும் விட்டிருக்கிறேன். அங்கே எதுவும் அடிப்பதில்லை.

ஆனால் ஓடை மேலிருந்து வருகிறது. மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவரிடம் போய்ப் பேசினேன்.

"அண்ணே, இருபது நாளைக்கு ஒருக்கா அடிக்கலேன்னா பேன் விழுந்து காய் சொறியாயிரும். போடி ஏலத்துல சொறிக்காய எவன் கேப்பான்? கடன நீங்களா கட்டுவீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அதே கடனை வசூல் செய்த ஆள்தானே நான். இரண்டு மணி நேரம் பேசி, ஒரே ஒரு விஷயத்துக்கு ஒப்புக்கொண்டார்: டிரம்மையும் டப்பாவையும் ஓடையில் கழுவுவதில்லை. ஓடைக்கு எட்டத்தில் குழி வெட்டினார். சருகு உரித்து விட்டால் பேனுக்கு ஒளிய இடம் குறையும் என்று அரை ஏக்கரில் செய்து பார்த்தார். மற்ற இடத்தில் இன்னும் அடிக்கத்தான் செய்கிறார்.

2021 கார்த்திகையில், மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த ஒரு நாள், பெரியம்மா கூடையால் மணலை அள்ளி அலசினார். அயிரை! எண்ணிப் பார்த்தோம், பதினொன்று.

"ஒரு குழம்புக்குக் காணாது," என்றார்.

"இந்த வருசம் வேணாம் பெரியம்மா."

முறைத்துக்கொண்டே கூடையைக் கவிழ்த்தார். பதினொன்றும் மணலுக்குள் போயின. அதிலிருந்து ஒவ்வொரு கார்த்திகைக்கும் கூடையோடு வந்து நின்று, "இப்பவாச்சும் பிடிக்கலாமா?" என்று கேட்கிறார்.