குனிந்து நுழையும் வாயில்



டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர் வாழும் தெருக்களில் நட்சத்திர விளக்குகள் ஒளிவிடும். இல்லந்தோறும் புத்தாடையும் பலகாரமும் இடம்பெறும். இவையெல்லாம் விழாவின் அணிகலன்களே. அவற்றினுள் உறையும் உயிர் யாது என்பதை இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இயேசு பெருமான் பிறந்த நாள் இன்னதென்று நற்செய்தி நூல்கள் குறிக்கவில்லை. டிசம்பர் 25ஆம் நாளை உரோமாபுரியில் கொண்டாடியதற்குரிய மிகப் பழைய சான்று கி.பி. 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற ஒரு பஞ்சாங்கத்தில் உள்ளது. ஆர்மீனியத் திருச்சபையார் சனவரி 6ஆம் நாளிலும், பழைய ஜூலியன் நாட்கணக்கைப் பின்பற்றும் கீழைத் திருச்சபையார் சனவரி 7ஆம் நாளிலும் இவ்விழாவை எடுக்கின்றனர். ஆகவே, நாளினும் பொருளே பெரிது என்பது விளங்கும்.

அப்பொருள் யாது? எல்லாம் வல்ல இறைவன் மனித உடல் தாங்கி மக்களிடையே வாழ வந்தார் என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. அவர் வந்த விதத்தை லூக்கா எழுதிய நூல் கூறுகிறது. அகஸ்து பேரரசன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான். அதன்பொருட்டு யோசேப்பும் மரியாளும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சென்றனர். சத்திரத்தில் இடம் இல்லை. பிறந்த குழந்தையை முன்னணையிலே, அதாவது கால்நடைக்குத் தீவனமிடும் தொட்டியிலே, கிடத்தினர். அச்செய்தியை முதலிற் கேட்டவர் அரசர் அல்லர். இரவில் மந்தை காத்திருந்த இடையரே.

பெத்லகேம் என்னும் எபிரேயச் சொல்லுக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அவ்வூரில், தீவனத் தொட்டியில் கிடந்த குழந்தையைப் பசித்த உலகுக்கு இறைவன் அளித்த உணவாகவே பண்டைக் கிறிஸ்தவ அறிஞர் கண்டனர். உயர்ந்தவர் தாழ்ந்து வந்தார். அதுவே இவ்விழாவின் உட்பொருள். 1223ஆம் ஆண்டில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும், மாடும், கழுதையும் கொண்டு அந்த இரவை மக்கள் கண்முன் நிறுத்தியதும் இந்த எளிமையை உணர்த்தவே.

இன்றும் பெத்லகேமில் பிறப்பிடத் திருக்கோயிலுக்குச் செல்வோர் ஏறத்தாழ நான்கடி உயரமே உள்ள வாயில் வழியாக நுழைதல் வேண்டும். குதிரைமீது அமர்ந்தவாறு எவரும் உட்புகாதபடி அதனைச் சுருக்கினர் என்பர். 'பணிவின் வாயில்' என்பது அதன் பெயர். மன்னனாயினும் தலை குனிந்தே அதனுள் செல்ல இயலும்.

இவற்றை நான் நூல்களிற் கற்றேன், உணர்ந்ததோ வேறிடத்தில். பள்ளியிற் பயின்ற காலத்தில் ஒருமுறை எங்கள் வீட்டில் அழகிய குடில் ஒன்று அமைத்தேன். அண்டை வயலில் வேலை செய்த சிறுவன் ஒருவன் அதற்கு வைக்கோல் கொண்டுவந்தான். அதனை வாங்கிக்கொண்டு, அழுக்கு உடையோடு நின்ற அவனை வாசலோடு அனுப்பிவிட்டேன். மாலையில் குடிலைக் கண்ட என் அன்னையார், "நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. வைக்கோல் தந்த பிள்ளை இதனைப் பார்த்தானா?" என்று கேட்டார். விடை சொல்ல இயலாமல் வெளியே ஓடினேன். வயல் வெறிச்சோடிக் கிடந்தது. அவன் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவரை அதுவரை நான் குறை கூறி வந்தேன். அன்று முதல் அவ்வாறு கூறத் துணியவில்லை.

நண்பர்களே, கிறிஸ்தவர் இத்திருநாளில் பாடிப் போற்றுவது தம் நிலையினின்று இறங்கிவந்த அன்பையே. அதனைப் போற்றுகிறவர் தாமும் சற்றே குனிதல் வேண்டும். உங்கள் வாயிலில் யார் நிற்கிறார் என்று இவ்விழா நாளில் ஒருமுறை திறந்து பாருங்கள். அவரை உள்ளே அழையுங்கள். அவர் பெயரையும் கேளுங்கள்.