லினக்ஸுக்குள் ஒரு சி டிரைவ்

விண்டோஸ் கேம் ஒன்றின் இஎக்ஸ்இ கோப்பை எடிட்டரில் திறந்து பார்த்தால், புரியாத குறிகளின் குவியலுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரியும்: எம், இசட். டாஸ் காலத்தில் அந்தக் கோப்பு வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. லினக்ஸின் சொந்த நிரல்களோ இஎல்எஃப் என்ற எழுத்துகளைத் தலைப்பில் சுமந்து வருபவை. எம்இசட் கோப்பைக் கொடுத்தால், இயக்கத் தெரியாது என்று லினக்ஸ் திருப்பிவிடும். அப்படியிருந்தும், ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் எல்டன் ரிங் கேம், லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் 2022 பிப்ரவரி முதலே ஓடுகிறது. லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு எதுவும் அந்த கேமுக்குக் கிடையாது.

ஒரு கேம் செய்யும் வேலையில் பெரும்பகுதிக்கு இயங்குதளமே தேவையில்லை. குதிரை ஓடும்போது அதன் கால்கள் எந்தக் கோணத்தில் மடங்க வேண்டும், வாள் எதிரியின் மேல் பட்டதா இல்லையா என்பதெல்லாம் வெறும் கணக்கு. அந்தக் கணக்கைச் செயலி நேரடியாகப் போட்டுவிடும். விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் இருப்பது அதே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிதான்; அதற்கு மொழிபெயர்ப்பு எதுவும் வேண்டியதில்லை. கோப்பைத் திற, ஒலியை எழுப்பு, சாளரம் ஒன்றைக் கொடு என்று கேட்கும்போதுதான் கேமுக்கு விண்டோஸின் துணை வேண்டும். அந்தக் கோரிக்கைகள் கெர்னல்32, யூசர்32 போன்ற பெயருள்ள டிஎல்எல் கோப்புகளுக்குப் போகின்றன. அதே பெயரில், அதே பதில்களைத் தரும் வேறு கோப்புகளை அங்கே வைத்துவிட்டால்? 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின் யோசனை இவ்வளவுதான்.

யோசனை சிறியது, வேலை மலையளவு. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் நடக்கும் இந்தத் திட்டம் 1.0 என்ற எண்ணைத் தொட 2008 ஆனது. பதினைந்து ஆண்டுகள்! சரியான கேள்விக்கு விண்டோஸ் என்ன பதில் தரும் என்பதை மைக்ரோசாஃப்டின் ஆவணங்கள் சொல்லும். தவறான கேள்விக்கு என்ன நடக்கும் என்பது பல இடங்களில் எழுதப்பட்டே இருக்காது. ஆனால் பல நிரல்கள் தங்களுக்கே தெரியாமல் அந்த எழுதப்படாத நடத்தையை நம்பித்தான் ஓடுகின்றன. விண்டோஸின் மூல நிரலைப் பார்த்து எழுத வைன்காரர்களுக்கு அனுமதி இல்லை. எனவே சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதுகிறார்கள், உண்மையான விண்டோஸில் ஓட்டுகிறார்கள், வந்த விடையைக் குறித்துக்கொண்டு வைனும் அதையே தரும்படி செய்கிறார்கள். விண்டோஸ் பிழை செய்யும் இடத்தில் வைனும் அதே பிழையைச் செய்தாக வேண்டும். மென்பொருள் உலகில் இதைவிடப் பொறுமையான உழைப்பை நான் அறியேன்.

அந்த உழைப்பின் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். லினக்ஸில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடை வழியாக எல்டன் ரிங்கை ஒருமுறை ஓட்டிவிட்டு, ஸ்டீமின் கோப்புறைகளில் காம்பாட்டேட்டா என்பதைத் தேடிப் பிடியுங்கள். அதற்குள் 1245620 என்ற எண்ணில் ஒரு கோப்புறை இருக்கும். ஸ்டீம் கடையில் அந்த கேமின் எண் அது. உள்ளே போனால் ஒரு சி டிரைவ். அதில் விண்டோஸ் என்ற கோப்புறை, அதற்குள் சிஸ்டம்32. யூசர்ஸ் கோப்புறையில் ஸ்டீம்யூசர் என்ற பயனர். விண்டோஸின் புகழ்பெற்ற ரெஜிஸ்ட்ரி இங்கே சாதாரண உரைக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு கேமுக்கும் இப்படித் தனித்தனியாக ஒரு விண்டோஸ் வீடு கட்டித்தரப்படுகிறது.

திரையில் தெரியும் படம் வேறொரு பெரிய சிக்கல். விண்டோஸ் கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசுவது பெரும்பாலும் டைரக்ட்3டி மூலம். அது மைக்ரோசாஃப்டின் சொத்து. 2016இல் வல்கன் என்ற பொதுத் தரநிலை வந்த பிறகு வழி திறந்தது. நியர்: ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் ஃபிலிப் ரெபோலே என்ற நிரலாளர் 2017இல் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். டைரக்ட்3டி 11 கட்டளை ஒன்று வந்தால், அதைப் பிடித்து வல்கன் கட்டளையாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. ஒளியும் நிழலும் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் ஷேடர் என்ற குட்டி நிரல்களையும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வல்கனின் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. எல்டன் ரிங் பயன்படுத்தும் டைரக்ட்3டி 12க்கு இதே வகையில் இன்னொரு மென்பொருள் இருக்கிறது.

ரெபோலேயை விரைவிலேயே வால்வ் நிறுவனம் வேலைக்கு அமர்த்தியது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வுக்கு, மைக்ரோசாஃப்ட் ஒருநாள் விண்டோஸின் கதவைத் தன் கடைக்கு மட்டும் திறந்துவைக்குமோ என்ற அச்சம் 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதே இருந்தது. 2015இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின்களை அது விற்பனைக்குக் கொண்டுவந்து தோற்றது. லினக்ஸுக்கும் ஒரு பதிப்பு செய்யுங்கள் என்று கேம் நிறுவனங்களை நம்பியிருந்ததே காரணம் என்பது என் எண்ணம். ஆட ஆள் இல்லாத தளத்துக்கு யார் கேம் செய்வார்கள்? கேம் இல்லாத தளத்துக்கு யார் ஆட வருவார்கள்? 2018 ஆகஸ்டில் வைன், டிஎக்ஸ்விகே எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய புரோட்டான் என்ற மென்பொருளை வால்வ் வெளியிட்டபோது, கேம் நிறுவனங்களிடம் எதையும் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போயிற்று.

எல்டன் ரிங் வெளியான புதிதில் விண்டோஸிலேயே திக்கித் திக்கி ஓடியது. சில இடங்களில் அது ஆயிரக்கணக்கான கிராஃபிக்ஸ் கட்டளைத் தொகுப்புகளை ஒரேயடியாக உருவாக்கி நினைவகத்தைத் திணறடித்தது. வால்வின் ஆட்கள் கேமைத் தொடவில்லை. மொழிபெயர்க்கும் மென்பொருளில், ஒதுக்கிய நினைவகத்தை விடாமல் வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும்படி மாற்றினார்கள். ஸ்டீம் டெக்கில் திக்கல் வெகுவாகக் குறைந்தது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வேகம் குறையத்தான் செய்யும் என்று நினைப்போம். இங்கே அவரே நோய்க்கும் மருந்து கொடுத்துவிட்டார்.

எனக்கு இதையெல்லாம்விட வியப்பாக இருப்பது காத்திருத்தல் என்ற சங்கதி. ஒரு கேமுக்குள் பல வேலைகள் இணையாக நடக்கும். ஒன்றின் முடிவுக்காக இன்னொன்று காத்திருக்கும். ஒரு அடுப்பில் பால், ஒன்றில் குக்கர், ஒன்றில் குழம்பு. எது முதலில் கூப்பிட்டாலும் எழுந்துபோகத் தயாராக இருப்பதுபோல, ஒரே நேரத்தில் 64 விஷயங்களுக்காகக் காத்திருக்க விண்டோஸில் ஒரே கட்டளை உண்டு. லினக்ஸில் அதற்கு இணையான ஃப்யூட்டெக்ஸ் என்ற வசதி ஒன்றே ஒன்றுக்காகத்தான் காத்திருக்கும். வைன் இதை ஈடுகட்ட, ஒவ்வொரு முறையும் தனியாக ஓடும் ஒரு சர்வர் நிரலிடம் போய் விசாரித்து வந்தது. கேம் பெரிதாகப் பெரிதாக இந்த அலைச்சலிலேயே செயலியின் நேரம் கரைந்தது. கடைசியில் லினக்ஸின் கருவே, அதாவது கெர்னலே, மாறியது. 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில், ஒரே நேரத்தில் பலவற்றுக்காகக் காத்திருக்கும் வசதி சேர்ந்தது. 2025 மார்ச்சில் வந்த 6.14 பதிப்பிலோ, எலிசபெத் ஃபிகுரா எழுதிய என்டிசிங்க் என்ற டிரைவர் முழுமை பெற்றது. விண்டோஸ் எப்படிக் காத்திருக்குமோ அப்படியே காத்திருப்பதுதான் அதன் ஒரே வேலை.

இத்தனைக்குப் பிறகும் திறக்காத கதவு ஒன்று உண்டு. பலர் சேர்ந்து ஆடும் போட்டி கேம்கள் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஆன்டி சீட் மென்பொருளை வைத்திருக்கின்றன. அவற்றில் சில விண்டோஸின் கருவுக்குள்ளேயே உட்கார்ந்து கணினியைக் கண்காணிப்பவை. ரயட் நிறுவனத்தின் வாலரன்ட் அந்த வகை; லினக்ஸில் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுகிறவர்களைக் காரணம் காட்டி 2024இல் அதன் நிறுவனம் கதவைச் சாத்தியது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வைன் பதில் சொல்லிவிடலாம். இந்தக் கணினியின் கருவை நான் நம்பலாமா என்ற கேள்விக்கு, பயனரே கருவை மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய லினக்ஸால் அந்த நிறுவனங்கள் விரும்பும் பதிலைத் தர முடியாது. எல்டன் ரிங்கில் இருக்கும் ஈஸி ஆன்டி சீட் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு வழி விட்டது. அதைத் திறந்துவிடுவது அந்தந்த கேம் நிறுவனத்தின் விருப்பம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: தினமும் ஆடும் கேம்களின் பெயர்களை எழுதி, எந்த கேம் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதிவிடும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பட்டியலில் வாலரன்ட் இருந்தால் விண்டோஸை அழிக்காதீர்கள். தனியாக ஆடும் கேம்கள் மட்டும்தான் என்றால் தயங்க வேண்டாம். ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாக டிரைவர் தேடக்கூட வேண்டியதில்லை. விண்டோஸுக்காகப் பிரித்த டிஸ்க் பகுதியிலிருந்தே கேமை ஓட்ட முயலாமல் லினக்ஸ் பகுதியில் புதிதாக நிறுவுங்கள்.

பழைய கேம் சிடிக்களையும் தூக்கிப்போடாதீர்கள். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் கேம்களை விண்டோஸ் 11 திறக்காது. 64 பிட் விண்டோஸ் எதிலுமே அந்த வசதி இல்லை. வைன் அவற்றை 64 பிட் லினக்ஸிலும் ஓட்டும்.