பஞ்சுக்கு அடியில் கேபிள்

இங்கிலாந்து வீடுகளில் ஓட்டுக்கூரைக்கும் படுக்கையறையின் உட்கூரைக்கும் நடுவே ஒரு பரண் இருக்கும். ஏறினால் குனிந்துதான் நகரவேண்டும். கால் வைக்க மரச்சட்டங்கள் மட்டுமே. நடுவில் மிதித்தால் பிளாஸ்டர்போர்டைப் பொத்துக்கொண்டு கால் கீழறையில் தொங்கும். வீட்டுச் சூடு மேலேறிப் போய்விடாமலிருக்க அங்கே கண்ணாடிப் பஞ்சு விரிக்கிறார்கள். இன்றைய பரிந்துரை 270 மி.மீ. கனம்: சட்டங்களுக்கு இடையே 100, அதன்மேல் குறுக்காக 170. வீட்டைப் புதுப்பிக்கும்போது மின்கேபிள்கள் போவதும் இதே பரண் வழியாகத்தான்.

மின்சாரம் ஓடும் கம்பி சூடாகும். காற்றோட்டம் இருந்தால் அந்தச் சூடு கலைந்துவிடும். பஞ்சுக்குள் புதைந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. அதனால் கேபிளின் தாங்குதிறன் அது கிடக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். பிரிட்டனின் வயரிங் விதிநூலான பிஎஸ் 7671-இன்படி, 2.5 சதுர மி.மீ. கேபிளைச் சுவரோடு கிளிப் அடித்தால் 27 ஆம்பியர். உட்கூரைமேல் கிடத்தி 100 மி.மீ. வரை பஞ்சு மூடினால் 21. அதற்கும் மேல் மூடினால் 17.

உடனடியாக நீரைச் சூடாக்கும் 9.5 கிலோவாட் ஷவரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் சுமார் 41 ஆம்பியர் இழுக்கும். மரத்தில் கிளிப் அடித்த 6 சதுர மி.மீ. கேபிள் 47 தாங்கும், கவலையில்லை. சில வருடம் கழித்துப் பஞ்சு விரிக்க வேறு ஆட்கள் வருகிறார்கள். கேபிள் கனத்த பஞ்சுக்கு அடியில் போய்விடுகிறது. தாங்குதிறன் இப்போது 27தான்! மீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட் சூடு உள்ளேயே தங்குகிறது. பிவிசி கேபிளுக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. மின்னோட்டம் மிஞ்சினால் சுற்றைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் ட்ரிப் ஆகாது. அதற்குத் தெரிவது மின்னோட்டம்தான், பஞ்சுக்குள் ஏறும் சூடு அல்ல. பத்து நிமிடத்தில் குளியல் முடிவதால்தான் பல வீடுகள் பிழைக்கின்றன என்று நினைக்கிறேன். குளிர்காலக் காலையில் வீடே வரிசையாகக் குளித்தால் கதை வேறு.

தடித்த கேபிள் போட்டால் போதாதா? 10 சதுர மி.மீ. கேபிளும் கனத்த பஞ்சுக்கு அடியில் 36 ஆம்பியர்தான். கேபிளைத் தூக்கிப் பஞ்சுக்கு மேலே, கூரைச் சட்டங்களின் பக்கவாட்டில் கிளிப் அடிப்பதே நல்ல வழி.

சில பழைய பரண்களில் பஞ்சுக்குப் பதில் தெர்மாகோல் உருண்டைகள் கிடக்கும். அங்கே தொல்லை வேறு மாதிரி. பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் பொருளைத் தெர்மாகோல் உறிஞ்சிக்கொள்ளும். உருண்டைகள் உருகிப் பிசுபிசுவென்று ஒட்ட, கேபிளின் உறை விறைத்துப்போகும். அந்தக் கேபிளை வளைக்கவே கூடாது, உறை விரிசல் விட்டுவிடும்.