ரோபோவின் கை நடுங்காதா?

ரோபோ துணையுடன் அறுவை சிகிச்சைக்கு வருவோரும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அறுவை மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து இயக்குகிறார். உடலுக்குள் செல்வதோ இயந்திரக் கை. அது ஆடினால் என்னாகும் என்ற அச்சம் நியாயமானதே.

2000ஆம் ஆண்டில் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி போன்ற கருவிகளில், மோட்டார்கள் உடலுக்கு வெளியே உள்ளன. அவற்றின் விசை மெல்லிய உலோகக் கம்பி வடங்கள் வழியாகக் கருவியின் நுனியை அடைகிறது. வடம் சிறிதளவு நீளும். நீண்ட கையும் சிறிதளவு வளையும். இதனால் மூட்டு ஒவ்வொன்றும் சுருள்வில் போல் நடந்துகொள்கிறது. மோட்டார் நின்ற பின்னும் நுனி சற்று அதிரக்கூடும்.

இதனை அடக்கும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைப்பது. நிறைகுடம் சுமப்பவர் சட்டென நின்றால் நீர் தளும்பும். நிதானித்து நின்றால் தளும்பாது. மற்றொன்று, எதிர்விசை. ஆடும் ஊஞ்சலை உரிய கணத்தில் எதிர்த்துப் பிடித்தால் ஆட்டம் ஓய்வது போல, உணரிகள் அளந்து சொல்லும் அசைவுக்கேற்பக் கணினி மோட்டாரை இடைவிடாது திருத்துகிறது. திருத்தம் மிஞ்சினால் அதுவே அதிர்வைக் கூட்டும். கருவியை அளவுக்கு மீறி அடக்கினால் அது மந்தமாகிவிடும். ஆகவே பொறியாளர்கள் இந்த அளவைப் பலமுறை சோதித்தே நிர்ணயிக்கின்றனர்.

மருத்துவரின் கைநடுக்கம் வேறு. நலமான கையிலும் நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நுண்ணிய நடுக்கம் உண்டு. கணினி அதனை வடிகட்டுகிறது. மருத்துவரின் கை 3 செ.மீ. நகர்ந்தால் நுனி 1 செ.மீ. மட்டுமே நகருமாறும் அமைத்துக்கொள்ளலாம்.

கருவி மட்டும் அசையாதிருந்தால் போதாது. நோயாளியின் உடலும் அசையாதிருக்க வேண்டும். கருவிகள் உள்ளே இருக்கையில் ஓர் இருமலும் ஆபத்தாகலாம். அதனால் முழு மயக்கத்துடன் தசைத் தளர்வு மருந்தும் தருகிறோம். முன்பு மயக்க மருந்தால் உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ தொல்லை நேர்ந்திருப்பின், மயக்கவியல் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

இக்கருவி தானாக எதையும் முடிவு செய்வதில்லை. தேவை ஏற்பட்டால் அதனை விலக்கிவிட்டு, நேரடி அறுவையாகத் தொடர்வோம். உங்கள் பாதுகாப்பு கருதியே அம்முடிவு எடுக்கப்படும். ஒப்புதல் படிவத்தில் இது குறித்த பகுதியைப் படித்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.