அவையும் காவலும்

கூடிப் பேசும் அவைக்குக் காவல் வேண்டுமா என்னும் வினா மதுரைக்குப் புதிதன்று. தகுதியுடையார்க்கே இடந்தரும் சங்கப் பலகையும், பாட்டின் பொருட்குற்றத்தை அஞ்சாது சுட்டிய நக்கீரர் கதையும் இம்மண்ணின் பழமரபுகளாகும்.

காவலின் முதற்பயன் பிழை களைதல். அடுத்தது, பூசல் தவிர்த்துப் பேச்சைப் பொருளின்மேல் நிறுத்துதல். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், தேர்வுகள் நடத்தியும் 'செந்தமிழ்' இதழை வெளியிட்டும் இப்பணியை ஆற்றியது. நாகூர்க் குலாம் காதிறு நாவலர் (1833–1908) அச்சங்கப் புலவருள் ஒருவராய் விளங்கிப் புலவராற்றுப்படை பாடினார். அங்கே அளவுகோல் புலமையேயன்றிச் சமயமன்று.

ஆயினும் காவல் எல்லை மீறுவதும் உண்டு. எதுகை நோக்கித் திருக்குறளைத் திருத்தி ஆங்கிலேயர் ஒருவர் அச்சிட்ட படிகளைத் தேவர் விலைக்கு வாங்கி எரித்தார் என்பர். மூலபாடம் காக்கப்பட்டது, ஆனால் எரிந்த நூலோடு வாதிட இயலாது. அது எவ்வாறு பிழையென்று பின்வருவோர் கற்கும் வாய்ப்பும் அதனோடு எரிந்தது. மேலும், காவலரே பிழைத்தால் கேட்பார் எவர்?

இன்று கணினி நிரல் பயில்வோர் கூடி ஐயம் தீர்க்கும் குழுக்களுக்கும் இஃது ஒக்கும். தவறான விடையொன்று பலர் உழைப்பைக் கெடுக்கும், 'இதுகூடத் தெரியாதா?' என்னும் ஒரு சொல் புதிய மாணவரின் வாயை அடைத்துவிடும்.

நக்கீரர் குற்றத்தின் காரணத்தை அவையறியக் கூறினார். காவலுக்கு அழகு அதுவே. நம் வகுப்பறைகளிலும் பிழையைக் காரணங்காட்டி மறுப்போம்; பிழைத்தாரை விலக்கோம்.