தண்டுவடக் காயமுற்றோருக்கு உடற்பயிற்சியும் மன ஆதரவும்

மரத்திலிருந்து விழுதல், சாலை விபத்து முதலியவற்றால் முதுகெலும்பு முறியுங்கால், அதனுள் ஓடும் தண்டுவடமும் நசுங்குவது உண்டு. அங்ஙனம் நேர்ந்தால் காயத்திற்குக் கீழேயுள்ள உறுப்புகளில் அசைவும் உணர்ச்சியும் முழுதாகவோ ஓரளவோ நின்றுவிடுகின்றன. அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இன்றளவும் கைகூடவில்லை. ஆதலின் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுகின்றனர்.

ஒரு காலத்தில் மருத்துவர்களே அங்ஙனம் எண்ணியிருந்தனர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பெற்றது. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த டாக்டர் லுட்விக் குட்மான் அதன் தலைமையை ஏற்றார். அதற்கு முன்னர் இத்தகைய நோயாளிகளிற் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். குட்மான் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். உயிர் பிழைத்தவர்கள் கூரையைப் பார்த்தவாறே கிடந்தால் என்ன பயன்? எனவே தச்சுவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் ஆகியவற்றோடு விளையாட்டையும் சிகிச்சையிற் சேர்த்தார். 1948 ஜூலை 29 அன்று சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்து அதுவே.

வில் வளைப்பதால் தோளும் மேல்முதுகும் வலுப்பெறுகின்றன. உட்கார்ந்த நிலையில் சாயாதிருக்க அவ்வலு இன்றியமையாதது. மேலும், நின்று எய்பவரோடு அமர்ந்து எய்பவர் சரிநிகராகப் போட்டியிடலாம். உடலுக்கான பயிற்சியே மனத்தையும் தேற்றியது.

2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நெறிகளின்படி, காயம் நாட்பட்டு நிலைபெற்ற பெரியோர் வாரம் இருமுறையேனும், முறைக்கு 20 நிமிடம், மூச்சு சற்று வாங்குமாறு பயிற்சி செய்தல் வேண்டும். இயங்கும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வாரம் இருமுறை தேவை. கால்கள் ஓய்ந்தவருக்குத் தோள்களே கால்களுமாகின்றன. ஆதலால் தோள்வலியை அலட்சியம் செய்யலாகாது.

களப்பணியாளர் பெரும்பாலும் தவறுவது இனி வரும் இடத்திலேதான். 'பயிற்சி செய்தால் நடந்துவிடலாம்' என்று ஊக்கமூட்டுவதற்காகச் சொல்லிவிடுகிறோம். மாதங்கள் செல்கின்றன, கால்கள் அசைவதில்லை. அப்போது அவர் நம்பிக்கையையும் பயிற்சியையும் ஒருங்கே கைவிடுகிறார். எதற்காகப் பயிற்சி என்பதை அவரோடு கலந்தே தீர்மானிப்பது நலம். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறுவதாக இருக்கலாம். கடைத்தெரு வரை செல்வதாகவும் இருக்கலாம். 'மறுவாழ்வு' என்று நாம் எழுதும் சொல் சற்றுப் பெரிதாகவே ஒலிக்கிறது. அதன் முதல் நாள் வேலை சட்டைப் பொத்தானை மாட்டிக்கொள்வதாகவே இருக்கக்கூடும்.

பயிற்சிக்கு வர மறுப்பவரைச் சோம்பேறி என்றும் எண்ணற்க. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எவரையும் காண விரும்பாமை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகலாம். மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. இதே காயத்தோடு வாழ்ந்துவருபவர் ஒருவரைச் சந்திக்கச் செய்வதும் பெரிதும் உதவும். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னரும் நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார்; பின்பு மறுவாழ்வு மருத்துவம் பயின்று அங்கேயே அப்பிரிவை நிறுவினார். மருத்துவரே சக்கர நாற்காலியில் வரக் கண்ட நோயாளிக்கு வேறு உபதேசம் எதற்கு?

ஆசிரியர்கள், இத்தகைய மாணவனை விளையாட்டு நேரத்தில் மதிப்பெண் குறிக்க உட்காரவைத்து விடுதல் கூடாது. பந்து எறிதலிலேனும் அவனுக்கு இடம் தருக.

காயத்திற்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. ஆகவே நண்பகல் வெயிலில் பயிற்சி வேண்டா. மார்புப் பகுதியிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும், முகம் சிவந்து வியர்த்தலும் தோன்றினால், இரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறியிருக்கக்கூடும். உடனே பயிற்சியை நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, இறுகிய உடையைத் தளர்த்துக. சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்று பார்க்கவும்; பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். குறி தணியாவிடில் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.