கழுத்துக்குள் பதினைந்து இலக்கம்

நாய்க்குச் சிப் பொருத்திவிட்டால், அது எங்கே ஓடினாலும் கைப்பேசியில் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தச் சிப்பில் ஜி.பி.எஸ். கிடையாது, பேட்டரிகூடக் கிடையாது. சுமார் 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு கம்பிச்சுருள், ஒரு சில்லு, அவ்வளவுதான். ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் அதன் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. மெட்ரோ ரயில் பயண அட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஐ.எஸ்.ஓ. தரப்படி இதன் அலைவெண் 134.2 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு குறைவாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். உயர் அலைவெண்களைத் தண்ணீர் விழுங்கிவிடும், இதை அவ்வளவாக விழுங்காது. பதிலுக்கு, ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடிக்க வேண்டும். கிடைப்பது 15 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். மிச்சத்துக்கு 38 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் 27,000 கோடிக்கும் அதிகமான விலங்குகளுக்குத் தனித்தனி எண் தரலாம்.

பெயரும் முகவரியும் சிப்பில் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஆகவே இதற்கான சட்டம் விலங்கைவிட அதை வளர்ப்பவரைத்தான் அதிகம் கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் எட்டு வாரம் தாண்டிய நாய்களுக்குச் சிப் கட்டாயம். வீடு மாறினால், தொலைபேசி எண் மாறினால் பதிவைத் திருத்துவதும் வளர்ப்பவர் கடமை. சிப் இருந்தும் பதிவு பழையதாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சிப் இல்லாத நாய்தான். 2024 ஜூன் 10 முதல் 20 வாரம் தாண்டிய வளர்ப்புப் பூனைகளுக்கும் இதே விதி. மீறினால் திருத்திக்கொள்ள 21 நாள் அவகாசம். அப்போதும் செய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டுச் சாலைச் சட்டப்படி நாய்மீது வண்டி மோதினால் நின்றாக வேண்டும். பூனை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

குதிரையின் கதை வேறு. அங்கே கவலை, தொலைந்துபோவதைப் பற்றியது மட்டுமல்ல. மனிதர்களின் சாப்பாட்டுத் தட்டைப் பற்றியதும்கூட. குதிரைகளுக்கு வலி தணிக்க ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்தைத் தாராளமாகக் கொடுப்பார்கள். லாயங்களில் அதன் செல்லப்பெயர் ‘பியூட்’. மனிதர்களில் சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும். அதனால் பியூட் கொடுத்த குதிரை ஒருபோதும் இறைச்சிக்குப் போகக் கூடாது. இதை அதன் பாஸ்போர்ட்டில் குறித்துவிட வேண்டும். ஆமாம், ஐரோப்பாவில் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. பழைய பாஸ்போர்ட்டுகளில் அடையாளம் என்று இருந்தது வெறும் கோட்டுப்படம்: நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, ரோமச் சுழி. ஒரே நிறக் குதிரைகள் இரண்டு இருந்தால் தாளை மாற்றிவிடுவது பெரிய வித்தையில்லை. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர்களில் குதிரையின் மரபணு இருப்பதை வெளியிட்டது. ஒரு மாதிரியில் இறைச்சியில் 29 சதவீதம் குதிரை! பியூட் கலந்த இறைச்சியும் இப்படி உள்ளே வந்திருக்குமோ என்ற பயம் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

2009 ஜூலைக்குப் பின் பாஸ்போர்ட் எடுக்கும் குட்டிகளுக்குச் சிப் ஏற்கெனவே கட்டாயமாக இருந்தது. அதற்கு முன் பிறந்தவை விடுபட்டிருந்தன. இங்கிலாந்து 2018-இல் கொண்டுவந்த விதிகள் அந்த ஓட்டையை அடைத்தன: 2020 அக்டோபர் 1-க்குள் குதிரை, மட்டக்குதிரை, கழுதை எல்லாவற்றுக்கும் சிப். நாய்க்குப் பயிற்சி பெற்ற யாரும் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலடியில் பொருத்தலாம். குதிரைக்குக் கால்நடை மருத்துவர்தான் பொருத்த வேண்டும். இடம், கழுத்தின் இடப்பக்கம், பிடரியை ஒட்டிய தசைநார். தோலடியில் வைத்தது சில நேரம் நகர்ந்து தோளுக்கோ காலுக்கோ போய்விடும். தசைநாரில் அந்த வாய்ப்பு குறைவு.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. டார்ட்மூர், எக்ஸ்மூர், நியூ ஃபாரஸ்ட் வெளிகளில் பாதி காட்டு வாழ்க்கை வாழும் மட்டக்குதிரைகளுக்குச் சிப் வேண்டியதில்லை. விற்பனைக்கென்று அவற்றைக் கீழே ஓட்டிவந்தால் விலக்கு அந்த எல்லையோடு முடிந்தது.